உன் சைக்கிளை அறுத்துவிட்டேன், தாயி

தாராவி, மும்பை

அன்பு மகளுக்கு,

முதலில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். படிக்கட்டுக்கு அடியில் சாக்கு போட்டு மூடிவைத்திருந்த உன் பள்ளிக்கூடத்து சைக்கிளை அறுத்துவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும். கேட்டால் எனக்கே கை வராது என்றுதான் கேட்கவில்லை.

அத்தைக்குக் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி செய்யத்தான் அறுத்தேன். நம் நாட்டில் 2011 ஜனவரியோடு போலியோ நின்றுபோனது. அதற்கு நாற்பது வருஷம் முந்தியே அவளுக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து கால் பார்க்கவேண்டிய வேலையையும் தோள்தான் பார்த்தது. போன மழைக்காலத்திலிருந்து கக்கத்துக் கட்டையை ஊன்றவே முடியவில்லை அவளால். வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்லவுமில்லை. கோயிலுக்கு வரவில்லை என்றாள், ரேஷன் கடைக்கு நீங்களே போய்விடுங்கள் அண்ணே என்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பேட்டரி வண்டி வாங்க நீ அனுப்பிய பணம் அப்படியே இருக்கிறது. கடையில் போய் நூல் பிடித்து அளந்தேன். வண்டி 33 அங்குலம். நம் சந்தில் தண்ணீர் டிரம் நிற்கும் திருப்பத்தில் 29 அங்குலம்தான் வழி. சரி, 26 அங்குலத்துக்குள் நாமே செய்வோம் என்று இறங்கிவிட்டேன்.

மற்ற சாமான் எல்லாம் இங்கே பழைய சாமான் பிரிக்கும் 13 காம்பவுண்டில் கிலோ கணக்கில் எடுத்த பங்கார், பழைய இரும்பு. பின்னால் இரண்டு சக்கரம். சைக்கிள் அச்சை ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் பாரத்தில் வளைந்துவிடும். அதனால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு பழைய ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவட்டையை வைத்து இரண்டு பக்கமும் பிடித்தேன். முன்னால் இருப்பது உன் சைக்கிளின் பின்பாதி. ஃப்ரீவீல், அதாவது ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் வெறுமனே சுற்றும் பல்சக்கரம், உள்ள சக்கரம் முன் ஃபோர்க்கில் நுழையாது, அச்சு அகலம். அதனால் பின்கம்பிகளை அப்படியே அறுத்து, ஹேண்டில் தண்டோடு பற்றவைத்தோம். உன் சைக்கிள்தான் வேண்டியிருந்தது என்பதற்கு அதுவே காரணம். பங்காரில் கிடைத்ததெல்லாம் அந்த இடத்தில்தான் துருவேறிக் கிடந்தது.

கைக்கு கிராங்க், அதாவது பெடல் மாட்டும் தண்டு, மாட்டுவதுதான் பெரிய பாடு. காலுக்கு ஒன்று மேலே, ஒன்று கீழே இருக்கும். கைக்கு அப்படி வைத்தால் ஒவ்வொரு தள்ளலுக்கும் வண்டி இடமும் வலமும் ஆடும், ஏனென்றால் சுற்றுவதும் திருப்புவதும் அதே கைதான். இரண்டும் சேர்ந்தே சுற்றவேண்டும். தண்டை அச்சோடு இறுக்கும் ஆணியான காட்டர் பின் உட்கார அச்சில் உள்ள வெட்டு இரண்டு முனையிலும் எதிரெதிராக இருக்கிறது. ஒரு முனையில் புது வெட்டு போட அரம் வைத்துத் தேய்த்தேன், அரம் வழுக்கிக்கொண்டே போனது. அவ்வளவு கெட்டி இரும்பு. கடைசியில் லேத்துப் பட்டறையில் கிரைண்டர் போட்டுத்தான் எடுத்தோம்.

முதல் ஓட்டத்தில் தோற்றேன். சக்கரத்தைப் புரட்டி, செயின் இடப்பக்கம் வரும்படி மாட்டியிருந்தேன். அத்தை முன்னால் சுற்றினால் ஃப்ரீவீல் கடகடவென்று வெறுமனே ஓடுகிறது, பின்னால் சுற்றினால் வண்டி பின்னால் போகிறது. சந்தே கூடி நின்றது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஸ்பானரோடு உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு வலப்பக்கம் மாற்றினேன். பெரிய வண்டியில் மிதிக்கும் பக்கம் 44 பல், பின்னால் 18. அது காலுக்குச் சரி, கை தாங்காது. குழந்தை சைக்கிளின் 28 பல் சக்கரத்தை மேலே போட்டு, கீழே 20 பல் ஃப்ரீவீல் வைத்தேன். வேகம் குறைவு, ஆனால் தோள் நோகவில்லை என்கிறாள். இப்போது கையால் முன்னே தள்ளுகிறாள், இழுக்கிறாள், கட்டை போல உடம்புப் பாரம் முழுவதும் தோளில் இறங்குவதில்லை. அவள் ஏறி உட்காரும்போதுதான் வண்டி நழுவும் என்பதால் பின்சக்கரத்துக்கு ஒரு கொக்கியும் போட்டிருக்கிறேன். பிரேக் லிவர் இன்னும் எட்டத்தில் இருக்கிறது, அதை மாற்றும்வரை தனியாக விடமாட்டேன்.

நேற்று சாயங்காலம் 90 அடி ரோடு வரை போய் வந்தோம். நான் பக்கத்தில் நடந்தேன். டிரம் திருப்பத்தில் அத்தை நிறுத்தி, இரண்டு பக்கமும் கையை நீட்டிச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் உன் மணியை அடித்தாள். அதை மட்டும் நான் கழற்றவில்லை, நீ ஒட்டிய வண்ணத்துப்பூச்சி இன்னும் மேலே இருக்கிறது.

பொங்கலுக்கு வரும்போது கைப்பிடிக்கு நல்ல ரப்பர் கிடைத்தால் இரண்டு வாங்கி வா. இப்போது போட்டிருப்பது வியர்வையில் வழுக்குகிறது.

அன்புடன்,
அப்பா