கார்பன் விலை வந்தது, காலநிலைத் தொகை வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

அணு உலைகளை மூடியதால்தான் ஜெர்மனியில் பசுமைக் கட்சி சரிந்தது என்று உங்கள் தலையங்கம் சொல்கிறது. டோர்ட்முண்டில் வாடகை வீட்டில் வாழும் எனக்கு அது சரியாகப் படவில்லை. 2022 முடிவுக்குள் உலைகளை மூட 2011இல் சட்டம் போட்டது, பசுமைக் கட்சி இடம்பெறாத மெர்க்கல் அரசு. பசுமைக் கட்சி இடம்பெற்ற அரசு அதை 2023 ஏப்ரல் 15 வரை தள்ளித்தான் வைத்தது.

இங்கே அக்கம்பக்கத்தில் பேச்செல்லாம் வீட்டைச் சூடாக்கும் செலவைப் பற்றித்தான். எரிவாயு, பெட்ரோல் எதை எரித்தாலும், வெளியேறும் கார்பன் டை ஆக்சைடுக்கு அரசு வாங்கும் ‘கார்பன் விலை’ உண்டு. 2021இல் டன்னுக்கு 25 யூரோ, 2025இல் 55. ஆண்டுக்கு 10,000 யூனிட் எரிவாயு பிடிக்கும் வீட்டுக்கு இது ஏறக்குறைய 120 யூரோ. விலை ஏறினால் மக்கள் வீட்டைச் சூடாக்கும் பழைய பாய்லரை மாற்றுவார்கள் என்பது கணக்கு. வாடகைக்கு இருப்பவர் எதை மாற்றுவது? பாய்லர் வீட்டு உரிமையாளருடையது. உரிமையாளரும் இதில் ஒரு பங்கு கட்டவேண்டும் என்று 2023இல் சட்டம் வந்தது. வெப்பம் வீணாகும் மோசமான கட்டடம் என்றால் 95 சதவீதம் வரை. நல்ல சட்டம்தான். ஆனால் எரிவாயு இணைப்பைச் சொந்தப் பெயரில் வைத்திருப்பவர், பில் வந்தபின் குறித்த காலத்துக்குள் தானே கணக்குப் போட்டுக் கேட்டு வாங்கவேண்டும். எங்கள் தெருவில் தனியாக வாழும் வயதானவர்கள் எத்தனை பேர் அப்படிக் கேட்பார்கள்?

கார்பன் விலையில் சேரும் பணத்தை மக்களுக்கே திருப்பித் தர ‘காலநிலைத் தொகை’ ஒன்றை உருவாக்குவோம் என்று பசுமைக் கட்சியும் சேர்ந்த 2021 கூட்டணி ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். அந்த ஆட்சி முடியும்வரை ஒரு சென்ட் வரவில்லை. மின் பில்லில் இருந்த கூடுதல் கட்டணத்தை 2022 ஜூலையில் எடுத்தது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் வெப்ப பம்பு வைக்கச் செலவில் 70 சதவீதம் வரை மானியம் கிடைப்பது சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு. எங்களுக்கு?

பக்கத்து ஆஸ்திரியாவில் அன்றைய பசுமைக் கட்சி அமைச்சர் லியோனோரே கெவெஸ்லர், கார்பன் விலைப் பணத்தை மக்களுக்குத் திருப்பித் தருவதைச் செய்தே காட்டினார். 2024இல் பெரியவர்களுக்குத் தலைக்கு 145 முதல் 290 யூரோ கொடுத்தார்கள். பஸ், ரயில் வசதி குறைந்த ஊர்க்காரர்களுக்கு அதிகம். அடுத்து வந்த அரசு அதை நிறுத்திவிட்டது பெரிய அநியாயம்.

2021இல் 14.8 சதவீதமாக இருந்த ஜெர்மன் பசுமைக் கட்சியின் வாக்கு 2025இல் 11.6 ஆனது. இப்போது ஐரோப்பிய ஒன்றியம் முழுவதுமே வீட்டு எரிபொருளுக்குக் கார்பன் விலை வைக்கப்போகிறது. அந்தக் கட்சிக்கு வாக்களித்தவள் என்ற முறையில் கேட்கிறேன்: விலையை ஏற்றும் முன், மக்களின் வங்கிக் கணக்கில் பணத்தைப் போடும் ஏற்பாட்டை முடியுங்கள்.

ஒரு வாசகி,
டோர்ட்முண்ட், ஜெர்மனி