மூன்று வருஷத்துக்கு ஒரு மேலாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டு அமைப்புகளை எடுத்து நடத்த நல்ல ஆள் கிடைப்பதில்லை, இளைஞர்கள் முன்வருவதே இல்லை என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். பதினேழு வருஷம் நானும் அதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தேன். நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்காததால்தான் ஆள் வரவில்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அதை எழுதுகிறேன். நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள்.

எனக்கு 71 வயது. ஊர் கோட்டையூர். வங்கியில் 30 வருஷம் வேலை பார்த்துவிட்டு 2006-ல் விருப்ப ஓய்வு வாங்கினேன். அந்த வருஷமே இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு சின்ன அறக்கட்டளை தொடங்கினேன். காரைக்குடியைச் சுற்றித் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு மதியச் சாப்பாட்டை வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது வேலை. எங்கள் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு தெருவில் முகப்பு இருக்கும், அடுத்த தெருவில் பின்வாசல் இருக்கும். அத்தனை பெரிய வீட்டில் பின்கட்டில் ஒரே ஓர் அறையில் ஓர் ஆச்சி மட்டும் இருப்பார். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருப்பார்கள். வீடு இருக்கும், அடுப்பு மூட்டத் தெம்பு இருக்காது. அந்த ஆச்சிகளுக்கு இரண்டு தெரு தள்ளி, அவர்கள் வீட்டிலேயே காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள் ஓட்டு வீட்டில் இருப்பார்கள். இருவருக்கும் ஒரே கேரியர்தான். 11 பேரில் ஆரம்பித்தது, இப்போது 46 பேர்.

2023 ஆகஸ்டில் எனக்கு பைபாஸ் ஆபரேஷன். மதுரையில் மூன்று வாரம், அப்புறம் வீட்டில் இரண்டு மாதத்துக்கு மேல். நான் இல்லாமல் சமையற்கூடம் படுத்துவிடும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் படுக்கட்டும் என்றுகூட ஒரு ஓரத்தில் ஆசை இருந்தது. படுக்கவில்லை. எங்களிடம் டி.வி.எஸ். வண்டியில் கேரியர் கொண்டுபோகும் பெண் ஒருவர் இருந்தார். பி.காம். படித்தவர், 33 வயது. நான் அவரிடம் அதுவரை சாவியும் முகவரிச் சீட்டும் தவிர எதையும் கொடுத்ததில்லை. அவர்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்.

நவம்பரில் நான் திரும்பிப் போனபோது சாப்பாடு பதினொன்றரைக்கே கிளம்பியது. எனக்குக் கோபம். பதினேழு வருஷமாக ஒரு மணிதானே?

“சார், பாதிப்பேர் சுகர்க்காரங்க. காலையில மாத்திரையைப் போட்டுட்டு ஒரு மணி வரைக்கும் மயக்கமா உக்காந்திருக்காங்க,” என்றார் அந்தப் பெண்.

அதோடு நிற்கவில்லை. மாதத்தில் நாலைந்து நாள் யாராவது ஒருவர் வீட்டுப் பிறந்தநாளுக்குச் சர்க்கரைப் பொங்கல் உபயம் வரும். நெய் வழிய அனுப்புவேன். அதில் எனக்குப் பெருமை. அதை அவர் நிறுத்தியிருந்தார். ஏனென்று கேட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, என்ன பிடிக்கிறது, என்ன பிடிக்கவில்லை என்று கேட்டாராம். பள்ளத்தூரில் ஓர் ஆச்சி, பொங்கலை இத்தனை வருஷமும் பின்வாசலில் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு வைத்திருக்கிறார். முன்னமே சொல்லியிருக்கலாமே என்றேன்.

“வேண்டாம்னு சொன்னா நாளைக்குச் சாப்பாடே வராதோன்னு பயந்திருக்காங்க சார்.”

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஆச்சி என் அம்மா வயது. மாதம் ஒரு முறை நானே போய்க் கும்பிட்டு, ‘சாப்பாடு எப்படியிருக்கு?’ என்று கேட்பேன். ‘தேவாமிர்தம்’ என்பார். நானும் அதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, ஆண்டறிக்கையில் போட்டு, அமெரிக்காவிலிருக்கும் நன்கொடையாளர்களுக்கு அனுப்புவேன். கொடுக்கிறவன் கேட்டால் வாங்குகிறவர் வேறு என்ன சொல்வார்? இந்தச் சின்ன விஷயம் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவனுக்குத் தெரியாமல் போய்விட்டது பாருங்கள். இதற்கிடையில் மதுரையில் இரண்டு நாள் ‘தலைமைப் பண்பு’ பயிற்சி முகாமுக்குப் போய்ச் சான்றிதழ் வேறு வாங்கி வந்திருக்கிறேன். அங்கே மதியச் சாப்பாடு பிரமாதம்.

அடுத்தது இன்னும் சங்கடம். எங்கள் நோட்டீசில் கொட்டை எழுத்தில் ‘நிர்வாகச் செலவு பூஜ்யம்’ என்று போடுவேன். நன்கொடையாளர்கள் அதைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். அரிசிக்குத் தருவார்கள், பருப்புக்குத் தருவார்கள். வண்டி டயருக்குத் தர யாருக்கும் மனசு வராது. ஒரு கம்பெனி தன் பெயர் போட்ட வேன் தருகிறேன் என்றது, டீசலுக்குக் கிடையாது என்றது. சரி, அது இருக்கட்டும். என் பூஜ்யம் எங்கிருந்து வந்தது? காலை ஐந்து மணிக்கு அடுப்பு பற்றவைத்து மதியம் வரை நிற்கும் சமையல் அம்மாவின் சம்பளத்திலிருந்து வந்தது. 2006-ல் 1,500 ரூபாய். 2023-ல் 6,000. ‘சேவைம்மா, புண்ணியம்’ என்று சொல்லிச் சொல்லியே நிறுத்திவைத்தேன். 20 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு பி.எஃப். கட்டாயமில்லை என்ற சட்டமும் எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஆனால் அதே சட்டக்காரர்கள், வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்புகளுக்கே நிர்வாகச் செலவு என்று 20 சதவீதம் வரை ஒப்புக்கொள்கிறார்கள். நான்தான் ஒரு பைசாகூட ஒப்புக்கொள்ளவில்லை.

“அந்த அம்மாவுக்கே 66 ஆச்சு சார். நம்ம லிஸ்ட்ல சேர வேண்டிய ஆளு,” என்றார் அந்தப் பெண். முழங்கால் வலியோடு நிற்கிறார் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்த நாட்களில்தான் எங்கள் ஐயா சொன்னது நினைவுக்கு வந்தது. ஐயா என்றால் அப்பாவின் அப்பா. பதினான்கு வயதில் ரங்கூனுக்குக் கப்பலேறி, மொகல் தெருவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, உட்கார்ந்தவர். பெட்டியடிப் பையன், அப்புறம் மேலாளுக்கு அடுத்த இடத்திலிருக்கும் அடுத்தாள், அப்புறம் கடையையே நடத்தும் மேலாள் என்று படி ஏற வேண்டும். மேலாளின் தவணை மூன்று வருஷம். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தவணை முடிந்தால் புதிய மேலாள் வந்து இறங்குவார். பேரேட்டை விரித்து, யார் எவ்வளவு வாங்கியிருக்கிறார், எவர் நாணயம், எவர் இழுத்தடிப்பார் என்று ஒவ்வொரு புள்ளியாக ஒப்புவித்துவிட்டு, ஐந்தொகை என்னும் இருப்புக் கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு, பழையவர் ஊருக்குத் திரும்பிவிடுவார். ‘இருந்து பழகிட்டா கடை தன்னோடதுன்னு தோண ஆரம்பிச்சிரும்டா’ என்பார் ஐயா, திண்ணையில் சாய்ந்துகொண்டு. வட்டிக்கடைக்கே அந்த ஜாக்கிரதை இருந்தது. அவருடைய பேரன் தர்மக் கடையில் பதினேழு வருஷம் மேலாளாக உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் ஓர் அடுத்தாளைக்கூட வளர்க்காமல்.

எங்கள் ஊர்க்காரர் அழகப்பச் செட்டியாரையும் நினைத்துக்கொண்டேன். காரைக்குடியில் நாங்கள் ‘சிக்ரி’ என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். அவர் வள்ளல் என்று எல்லோரும் பேசுகிறோம். எனக்கு இப்போது பெரிதாகத் தெரிவது வேறு: கொடுத்ததை மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி மன்றத்தின் கையில் விட்டுவிட்டார். 1957-ல், 48 வயதுகூட நிறையாமல் அவர் போய்விட்டார். ஆய்வகம் இன்றும் நடக்கிறது.

எங்கள் அறக்கட்டளைப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். ‘வாழ்நாள் நிர்வாக அறங்காவலர்’ என்று என் பெயர் இருந்தது. 2006-ல் பத்திர எழுத்தர் வேறொரு பத்திரத்தைப் பார்த்து எழுதியது. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு சொல் மட்டும் கண்ணில் உறுத்தவில்லை. பத்திரத்தைத் திருத்த வழி அதிலேயே இருந்தது நல்லதாகப் போயிற்று. 2024 மார்ச்சில் திருத்தப் பத்திரம் பதிவு செய்தோம். இப்போது செயலாளருக்குத் தவணை மூன்று வருஷம். அந்தப் பெண்தான் செயலாளர், சம்பளத்தோடு. சமையல் அம்மாவுக்கு 13,000, வாரம் ஒரு நாள் விடுமுறை, கூட ஓர் ஆள். நோட்டீசில் இப்போது ‘சம்பளமும் எரிபொருளும் 31 சதவீதம்’ என்று போடுகிறோம். அதைப் பார்த்துவிட்டு இரண்டு நன்கொடையாளர்கள் நின்றுவிட்டார்கள். ஒருவர் எனக்குப் போன் செய்து ‘நீங்களுமா?’ என்று கேட்டார்.

பதவியை விட்ட பிறகுதான் பாடு. முதல் ஆறு மாதம் தினமும் காலையில் போய் நிற்பேன், சாம்பாரில் உப்புப் பார்ப்பேன், டயரை உதைத்துப் பார்ப்பேன். ஒரு நாள் அவர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, “சார், செவ்வாய்க்கிழமை மட்டும் வாங்களேன், அன்னைக்குக் கணக்குப் பாக்கலாம்,” என்றார். நாலு நாள் பேசாமல் முறுக்கிக்கொண்டு இருந்தேன். இப்போது செவ்வாய்க்கிழமை போகிறேன். கூட்டத்தில் அவர் ஏதாவது தப்பாக முடிவு செய்கிற மாதிரி தெரிந்தால் வாயில் வெற்றிலையைப் போட்டுக்கொள்கிறேன். இதுவரை மூன்று முறை போட்டேன். இரண்டு முறை அவர் சொன்னதே சரியாகப் போயிற்று.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாவட்டச் செய்திப் பக்கத்தில் உதவி வழங்கும் படங்கள் போடுகிறீர்கள். தூக்குச்சட்டியை நீட்டிக்கொண்டு வயதானவர் நிற்க, நாலு பேர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் படம் இனி வேண்டாம். 2011 பொங்கல் சமயத்தில் அப்படி எங்கள் படம் ஒன்றும் உங்கள் இதழில் வந்தது. இணையத்தில் இன்னும் இருந்தால் எடுத்துவிடுங்கள். நடுவில் சால்வையோடு நிற்பவன் நான். வலது ஓரத்தில், பாதி முகம் வெட்டுப்பட்டிருப்பவர்தான் சமையல் அம்மா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்
(பெயர் வெளியிட வேண்டாம்)