தையல் மெஷின் வேண்டாம்

பரந்தன்

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவு திறந்துவிட்டார்கள். இந்த முறை காலபோக நெல் தப்பும் போலத் தெரிகிறது.

பழைய மாணவர்கள் சேர்ந்து பத்துத் தையல் மெஷின் அனுப்பப் போவதாக எழுதியிருந்தாய். குறை நினைக்காதே, வேண்டாம். எங்கள் ஒழுங்கையிலேயே ஏழு மெஷின் இருக்கிறது. 2009இல் போர் முடிந்த பிறகு உதவி என்று வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களுக்குத் தையலைத்தான் படிப்பித்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா மூன்று தரம் படித்து மூன்று சான்றிதழ் வைத்திருக்கிறார். தீபாவளி, பொங்கலுக்கு நாலு சட்டை வரும். மற்ற நாளெல்லாம் மெஷின் பழஞ்சேலை போர்த்திக்கொண்டு கிடக்கும். சந்தையில் ரெடிமேட் மலிவாகக் கிடைக்க யார் துணி வாங்கித் தைப்பிப்பது? துணி எடுக்க வாங்கிய, கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடன்தான் மிச்சம். 2018இல் வரட்சி மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சத்துக்குட்பட்ட நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்தபோது, அக்காவின் கடன் அதைவிடப் பதினைந்தாயிரம் கூட!

அதே அக்கா இப்போது தண்ணீர்ப் பம் திருத்துகிறார். போன ஞாயிறு பார்த்துக்கொண்டு நின்றேன். வாசலில் சாக்கை விரித்து, மண்ணெண்ணெய் பம்மின் காபரேற்றரைக் கழற்றி, துளையில் இறுகிக் கிடந்த அழுக்கை மெல்லிய கம்பியால் குத்தி எடுத்து, வாயால் ஊதிப் பார்த்தார். பூட்டிவிட்டுக் கயிற்றை ஒரே இழுவை. பிடித்துக்கொண்டது. முதலில் வந்த கமக்காரர், "வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டவராம். இப்போது அவரே பம்மை வேலியோரம் வைத்துவிட்டுப் போகிறார். மழையில்லாத சிறுபோகத்தில் ஊரெல்லாம் பம் ஓடும், அதனால் வேலை தேடி வருகிறது.

இன்னொன்று, அக்கா பம் திருத்தப் படித்த வகுப்பு பள்ளிக்கூடம் விடுவதற்குள் முடிந்துவிடும், சைக்கிள் மிதிக்கும் தூரம். அதைத்தான் பெரிய காரணம் என்பேன். கடைசி பஸ்சுக்கு ஓடவேண்டிய முந்திய வகுப்பில் பாதிப் பேர் இடையில் நின்றுவிட்டார்கள்.

முன்பு போர்முனையாக இருந்த முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றப் போன பெண்களையும் யோசித்துப் பார். மாதாமாதம் சம்பளம் வந்தது, உண்மை. ஆனால் வெடி முடிய வேலையும் முடியும். அந்தக் கைநிதானத்தை அப்புறம் எங்கே கொண்டுபோய் விற்பது?

சரி, காசைச் சேர்த்தபடி வைத்திரு, பம் திருத்தும் வகுப்புக்கு உதவும். ஸ்பானர் செட் என்ன விலை, படிப்பிக்கிறவருக்கு என்ன கொடுக்கவேண்டும், வகுப்பு நேரம் குழந்தைகளைப் பார்க்க ஒரு ஆச்சி கிடைப்பாவா என்று அக்காவிடம் விசாரித்து அடுத்த கிழமை எழுதுகிறேன். அதுவரை மெஷினுக்கு ஓடர் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழி