கார் கவர் வாங்கும் முன் இதைப் படி, மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய போட்டோவை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சைக்கிள் டியூப் மாத்தக் காசு கேட்டு நம்ம வாசல்ல நின்ன பையன்தானே" என்றார்கள். அவ்வளவு சந்தோஷம் அவர்களுக்கு, எனக்கும்தான். செகண்ட் ஹேண்டாக இருந்தால் என்ன, முப்பது வருஷமாக நீ சொல்லிக்கொண்டிருந்த பென்ஸ் இன்று உன் வீட்டு போர்டிகோவில் நிற்கிறது. அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை, வாக்கர் இல்லாமல் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போய் வருகிறார்கள். சின்னவன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். மற்றதை நேரில் பேசுவோம்.

சரி, கவர் விஷயம். "நல்ல வாட்டர்ப்ரூஃப் கவர் எது, லிங்க் அனுப்பு" என்று கேட்டிருந்தாய். லிங்க் அனுப்ப ஒரு நிமிஷம் ஆகாது, ஆனால் அந்த 'வாட்டர்ப்ரூஃப்' என்ற ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் என் கறுப்பு ஹோண்டா அக்கார்டைக் கெடுத்துக்கொண்டேன். உன்னுடையதும் கறுப்பு. அதனால் பொறுமையாகப் படி.

ஐப்பசி மழை அப்போது. வெளியே போய் நனைந்து வந்த வண்டி மேலேயே, வெள்ளிக் கலரில் தார்பாய் மாதிரி பளபளவென்று இருந்த கவரை இழுத்துப் போட்டுவிட்டு நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து கவரைத் தூக்கினால் அதன் உட்பக்கம் முழுக்க வியர்த்த மாதிரி நீர் முத்துக்கள், கதவைத் திறந்தால் பூஞ்சை நாற்றம், பானெட்டில் வட்டம் வட்டமாக வெள்ளைக் கறை. ஷாம்பு போட்டுக் கழுவியும் அது போகவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் ரொம்பச் சின்னது. மழையை உள்ளே விடாத பிளாஸ்டிக் பூச்சு, உள்ளே இருக்கிற ஈரத்தையும் வெளியே விடாது. பகலில் வெயில் அடித்தால் அந்த ஈரம் ஆவியாகிக் கவருக்கும் பெயின்ட்டுக்கும் நடுவிலேயே நிற்கும், ராத்திரி குளிர்ந்ததும் மறுபடி வண்டி மேலேயே இறங்கும், மறுநாளும் இதே கதை. உன் வீடு பெசன்ட் நகர், கடற்கரைக்கு நடந்து போகிற தூரம். அங்கே காற்றிலேயே உப்பு இருக்கிறது, உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதை மூச்சு விடாத துணிக்குள் பூட்டி வைத்தால் துருவுக்கு நாமே இடம் போட்டுக் கொடுத்த மாதிரி. அதற்குக் கவரே இல்லாமல் வண்டி காற்றாட நிற்பது மேல்.

அதனால் நீ கேட்க வேண்டியது, தண்ணீர் பட்டால் வழிந்துவிடணும், ஆவி மட்டும் வெளியே போகணும், அப்படிப்பட்ட துணி. நெய்யாத பாலிப்ரொப்பிலீன் என்று ஒரு பிளாஸ்டிக் இழைத் துணி மூன்று நான்கு அடுக்காக ஒட்டி வருகிறது, உள்பக்கம் மெத்தென்று பருத்தி மாதிரி ஒரு அடுக்கு இருக்கும். கடைக்காரர் "ஃபுல் ப்ரீத்தபிள் சார்" என்று சொல்லத்தான் செய்வார். நீ சாம்பிள் துண்டு ஒன்று கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போ. ஒரு டம்ளரில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, அதன் வாயில் துணியை இறுக்கிக் கட்டி, மேலே ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து வை. ஐந்து நிமிஷம் கழித்துக் கிண்ணத்தின் உள்பக்கம் பனி பூத்திருந்தால் துணி மூச்சு விடுகிறது. உலர்ந்தே இருந்தால் அந்தக் கவர் வேண்டாம், என்ன விலை குறைத்தாலும் வேண்டாம். அப்புறம் அதே துண்டின் உள்பக்கத்தை உன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார். சொரசொரப்பாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

பெயின்ட் மேலே செராமிக் கோட்டிங் என்ற பாதுகாப்புப் பூச்சு போட்டிருப்பதால் கீறல் விழாது என்று வண்டியை விற்றவர் சொன்னதாக எழுதியிருந்தாய். அது அப்படி இல்லை மாப்ளே. தண்ணீர் நிற்காமல் ஓட, அழுக்கு ஒட்டாமல் இருக்க, அது நன்றாக உதவும். மண்ணைத் தடுக்காது. தெருப்புழுதியில் இருக்கிற மணல் துகள் கண்ணாடியையே கீறக்கூடியது, பெயின்ட்டுக்கு மேலே இருக்கிற கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு 40, 50 மைக்ரான்தான், நம் தலைமுடியின் பருமன்கூட இருக்காது. என் வண்டியில் கவர் செய்த மிச்ச வேலை அதுதான். தினமும் சாயந்திரம் அலுவலகத்திலிருந்து வந்து புழுதியோடு புழுதியாகக் கவரைப் போடுவேன், ஆடிக் காற்றில் அது ராத்திரி முழுக்கப் படபடவென்று அடித்துக்கொண்டு கிடக்கும். நல்ல உப்புத்தாளால் மெதுவாகத் தேய்ப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருநாள் பெட்ரோல் பங்க் டியூப்லைட்டுக்குக் கீழே நிறுத்தியபோதுதான் பார்த்தேன், பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி நுண்ணிய கோடுகள், வெளிச்சத்தைச் சுற்றி வட்டமாக. பாலிஷ் போட்டு எடுத்தார்கள், பாலிஷ் என்பதே அந்தக் கிளியர் கோட்டைக் கொஞ்சம் சுரண்டி எடுப்பதுதான், அதை எத்தனை தடவை செய்ய முடியும்?

அதனால் என் கருத்து இது. நீ ஊரில் இருந்து தினமும் வண்டி எடுக்கிற நாட்களில் கவரே போடாதே. மேலே கூரை இருக்கிறது, மேற்கு வெயிலுக்கு ஒரு மூங்கில் தட்டி கட்டிவிட்டால் போதும். புங்கை மரத்தில் காக்கா உட்காருகிறது என்றாயே, எச்சம் பார்த்தால் அப்போதே ஈரத் துணியை இரண்டு நிமிஷம் மேலே போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்துவிடு. வெயிலில் காய விட்டால் அதில் இருக்கிற அமிலம் கிளியர் கோட்டைத் தின்று அதே வடிவத்தில் தழும்பு வைத்துவிடும். கவர் என்பது, மகள் பிரசவத்துக்காக நீயும் தங்கச்சியும் மெல்போர்ன் போகிறீர்களே, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, அந்த மூன்று மாதத்துக்கு.

அளவு விஷயத்தில் ஒன்றை மறந்துவிடாதே. உன்னுடையது 2018 இ 220 டி, நம் ஊருக்கென்று நீட்டிய மாடல். ஐரோப்பாவில் விற்ற சாதாரண இ-கிளாஸைவிட வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம், 140 மில்லிமீட்டர் அதிகம், மொத்த நீளம் 5,063 மில்லிமீட்டர். வெளிநாட்டிலிருந்து 'இ-கிளாஸ், 2016 முதல்' என்று போட்டு வருகிற விலையான கவரை ஆசைப்பட்டு வாங்கினால் 14 சென்டிமீட்டர் அளவுக்குக் குறையலாம், அதை இழுத்து மாட்டினால் பம்பர் மூலைகளில் தையல் உரசிக்கொண்டே இருக்கும். பெரிதாக எடுத்தாலும் ஆபத்து, காற்று புகுந்து பாய்மரம் மாதிரி உப்பும். ஜி.பி. ரோட்டில் அளவெடுத்துத் தைத்துத் தருவார்கள், வண்டியோடு போ. பக்கக் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் பை, கூரை ஆன்டெனாவுக்கு இடம், கீழே சுற்றி எலாஸ்டிக், வயிற்றுக்கு அடியில் போட்டு மாட்டுகிற பெல்ட், இவ்வளவும் கேள். பெல்ட்டின் கிளிப் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், இரும்புக் கொக்கி வைத்தால் கதவில் ஒரு தடவை இடித்தாலே போச்சு.

சாவியைப் பற்றியும் சொல்லணும். உன் வண்டியில் பூட்டினால் பக்கக் கண்ணாடி தானாக மடங்கிக்கொள்ளும் இல்லையா, கவருக்குள் இருக்கும்போது யாராவது ரிமோட்டை அழுத்தித் திறந்தால் அது உள்ளேயே விரியப் பார்க்கும், துணி இழுக்கும், மோட்டார் திணறும். கவர் போட்ட பிறகு சாவி பீரோவுக்குள் போய்விடட்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் முழுக்கக் கழுவி, கதவு இடுக்கு, டிக்கி ஓரம் எல்லாம் துடைத்து, வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தி, அப்புறம் நிழலில் ஆறவிட்டு, பானெட் கைக்குக் குளிர்ந்த பிறகு போடு. பேட்டரிக்கு, மெதுவாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருக்கிற டிரிக்கிள் சார்ஜர் ஒன்று வாங்கிவிடு, மூன்று மாதம் சும்மா நின்றால் தாங்காது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, மழை விட்ட நாளாகப் பார்த்து, உன் மைத்துனர் வந்து கவரை எடுத்து இரண்டு மணி நேரம் காற்றாட விடட்டும். எலி, பூனை குடியேறி இருக்கிறதா என்பதும் அப்போதே தெரியும், இருட்டும் கதகதப்பும் அதுகளுக்கு ரொம்பப் பிடிக்கும். கவர் வெள்ளத்துக்கு ஒன்றும் செய்யாது. 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் நீயே பார்த்தவன், புயல் அறிவிப்பு வந்தால் வண்டியை மேட்டுக்கு எங்கே எடுத்துப் போவது என்று மைத்துனரிடம் இப்போதே பேசி வை.

எடுக்கிற முறை ஒன்று இருக்கிறது, அதை எழுத்தில் சொன்னால் புரியாது. இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று, ஓரங்களைக் கூரை மேல் மடித்துப் போட்டு, முன்னாலிருந்து பின்னால் பாய் சுருட்டுவது போலச் சுருட்டணும். உள்பக்கம் தரையில் படவே கூடாது, பட்டால் அடுத்த தடவை அந்த மண் பெயின்ட் மேல்தான். ஆவணி கடைசியில் மாமா பெண் கல்யாணத்துக்குச் சென்னை வருகிறேன். அதற்குள் கவர் தைத்து வந்துவிட்டால் மைத்துனரையும் வரச் சொல், மூன்று பேருமாக நாலு தடவை போட்டு எடுத்துப் பார்த்துவிடலாம். சாம்பிள் துணியையும் எடுத்து வை, நானும் கன்னத்தில் வைத்துப் பார்க்கணும்.

தங்கச்சிக்கும் மகளுக்கும் என் அன்பு. அம்மா பிரசவ மருந்துப் பொடி இடித்து வைத்திருக்கிறார்கள், வரும்போது கொண்டு வருகிறேன்.

உன்,
மதுரை மாப்ளே