சோடா நேரத்தில் கை வைக்காதீர்கள், வருகிறேன்

அண்ணா,

வருகிறேன். உங்கள் சாயப்பட்டறைக்கே மறுபடி டையிங் மாஸ்டராக, ஒன்றாம் தேதி காலை ஷிஃப்டுக்கு. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன இடத்தில் துரத்திவிட்டார்கள், அதனால்தான் திரும்புகிறான் என்று திருப்பூரில் ஏற்கெனவே பேச்சு ஓடுகிறது. எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன். சம்பளத்தை மட்டும் எழுத மாட்டேன்; ஃப்ளோரில் இருப்பவர்களும் படிப்பார்கள்.

சீசன் நடுவில் விட்டுப்போனதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். போனதற்கு அல்ல.

நான் போகக் காரணமான அந்த நேவி புளூ லாட் 500 கிலோ துணி. தண்ணீர் 1:6, கிலோவுக்கு 6 லிட்டர், ஆக 3,000 லிட்டர். லிட்டருக்கு 80 கிராம் உப்பு என்றால் 240 கிலோ, 20 கிராம் சோடா (சோடா ஆஷ் என்கிற காரப்பொடி) என்றால் 60 கிலோ. உப்பு சாயத்தைத் துணிக்குள் தள்ளும், சோடாதான் பிடிக்க வைக்கும். 60 டிகிரியில், முதலில் கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் வேகமாக, 40 நிமிடம் விட வேண்டிய சோடா அது. கன்டெய்னர் போகணும் என்று ஆபீஸிலிருந்து சொல்லிப் பத்தே நிமிடத்தில் கொட்டினார்கள். பி.எச்., அதாவது தண்ணீரின் காரம், சட்டென்று ஏறினால் சாயத்துக்குப் பரவ நேரம் இருக்காது; இருக்கிற இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். காய்ந்த பிறகு துணி முழுக்கத் திட்டுத் திட்டாக நின்றது. நிறம் ஒப்பிட்டுப் பார்க்கிற ஷேடு பாக்ஸில், பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கின் கீழே துணியைப் பிடித்துக்கொண்டு, ஹெல்பர் பையன்கள் முன்னாலேயே "மாஸ்டர் தூங்கிட்டீங்களா?" என்று கேட்டீர்கள். சோடா எத்தனை நிமிடத்தில் போனது என்று காட்டுகிற டோசிங் பிரிண்டவுட் என் சட்டைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை. யார் சொல்லிக் கொட்டினார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். பெயர் இங்கே வேண்டாம்.

ஹைட்ரோஸும் காஸ்டிக் சோடாவும் போட்டுப் பழைய சாயத்தை உரித்து, மறுபடி சாயம் ஏற்றினோம். உப்பும் தண்ணீரும் இரட்டிப்பு. கழிவுநீரைச் சுத்தம் செய்கிற ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளுகிற உப்புத்தண்ணீரை எவாப்பரேட்டரில் காய்ச்சுகிற செலவையும் சேர்த்துப் பாருங்கள், மிச்சம் பிடித்த அரை மணி நேரம் என்ன விலை என்று தெரியும். சோடா நேரம் இனி மாஸ்டர் கையில். துணி வாங்குகிற பையரே வந்து வாசலில் நின்றாலும் 40 நிமிடம் 40 நிமிடம்தான்.

2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடியபோது, மிஷின் ஓடாத மாதங்களிலும் எங்களுக்கு அரைச் சம்பளம் கொடுத்தீர்கள். எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது அதில்தான். நான் மறக்கவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி போனஸ் பேச்சு வரும்போதெல்லாம் அதை எடுத்து வைத்தீர்களே, மறக்கத்தான் எங்கே விட்டீர்கள்?

கணக்கை எழுத்தில் வைத்துக்கொள்வோம். பழைய கிராஜுவிட்டியை முடித்துக் கொடுத்துவிட்டீர்கள், அதில் குறை இல்லை. ஆனால் இனி சர்வீஸ் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். எனக்கு 54, உங்கள் கம்பெனியில் 58-ல் ஓய்வு. நிரந்தர வேலையில் சட்டப்படி 5 வருடம் முடியாவிட்டால் கிராஜுவிட்டி இல்லை. அதனால் எத்தனை வருடம் இருந்தாலும் தருவோம் என்று அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் ஒரு வரி வேண்டும். கடைசி அடிப்படைச் சம்பளத்தோடு பஞ்சப்படியைச் சேர்த்து, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்குகிற அதே கணக்குதான். சட்டம் சொல்வதைவிடக் கூடுதலாகக் கொடுக்கத் தடை இல்லை. வாய்வார்த்தை போதும் என்பீர்கள். உங்கள் வாய்வார்த்தையை நம்புவேன். ஆபீஸில் இருப்பவர்கள் மாறுவார்கள்.

பி.எஃப்.புக்கு யு.ஏ.என். என்கிற நிரந்தர எண் பழையதே, மெம்பர் ஐ.டி. மட்டும் புதிதாக விழும். நடுவில் நான் இருந்த கம்பெனி, நான் வெளியேறிய தேதியைப் பதியாவிட்டால் அந்தப் பணம் மாறாது. கடைசிச் சந்தாவிலிருந்து இரண்டு மாதம் கழித்து நானே ஆன்லைனில் பதிந்துகொள்வேன். கிளார்க் தம்பி அவசரப்பட வேண்டாம்.

இன்னொன்று. என் இடத்தில் இப்போது இருக்கிற பையன் லேப் டிப், அதாவது பையர் கேட்ட நிறத்துக்கு லேபில் சாயமேற்றிப் பார்க்கிற மாதிரித் துண்டு, நன்றாகப் போடுகிறான் என்று கேள்விப்பட்டேன். டி65-ல் ஒத்துப்போய், கடை விளக்கான டி.எல்.84-ல் மாறித் தெரிகிற ஷேடைக் கண்டுபிடிக்கிற கண் எல்லோருக்கும் வாய்க்காது. அவனை அனுப்பாதீர்கள், லேபைக் கொடுங்கள், சம்பளத்தில் கை வைக்காதீர்கள். நான் வருகிற விஷயத்தை ஒன்றாம் தேதிக்கு முன்னால் நீங்களே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். ஹெல்பர் பையன்கள் முன்னால் வேண்டாம், ஆபீஸ் ரூமில்.