தையல் போட்டதோடு பயிற்சி முடிந்துவிடக் கூடாது

கை அறுவை சிகிச்சைப் பயிற்சிகளைத் திட்டமிடும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். அறுந்த தசைநாணை நீங்கள் தைத்து அனுப்பிய பிறகு, அந்த விரலை மாதக்கணக்கில் கையில் பிடித்திருப்பவர்கள் நாங்கள். கை மறுவாழ்வில் வேலை செய்யும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். புதிய தையல் முறையை ஒரே நாள் பயிலரங்கில் சொல்லிக்கொடுத்து, மாலையில் சான்றிதழ் வழங்கி அனுப்பிவிடும் வழக்கத்தைக் கைவிடுங்கள். பயிற்சியை வாரக்கணக்கில் பிரித்து நடத்துங்கள். அது பலித்ததா என்பதை, மூன்று மாதம் கழித்து நோயாளியின் விரல் எவ்வளவு மடங்குகிறது என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இவ்வளவு அழுத்திக் கேட்பதற்குக் காரணம், இந்த இடம் தவறுகளை மன்னிப்பதில்லை. உள்ளங்கையில் விரல்களை ஒட்டியிருக்கும் மடிப்பிலிருந்து விரலின் நடு எலும்புவரை உள்ள பகுதியை இரண்டாம் மண்டலம் என்கிறோம். அங்கே ஓர் ஒடுங்கிய உறைக்குள் இரண்டு தசைநாண்கள் ஓடுகின்றன. மேலே இருப்பது இரண்டாகப் பிளந்து வழிவிட, ஆழத்தில் இருப்பது அதன் ஊடாக விரல் நுனிக்குப் போகிறது. இரண்டையும் எலும்போடு அணைத்துப் பிடிக்கின்றன கப்பிகள் எனப்படும் நார்வளையங்கள். தையல் தடித்துவிட்டால் கப்பியின் விளிம்பில் சிக்குகிறது. தளர்ந்துவிட்டால் வெட்டுமுனைகள் விலகுகின்றன. அந்த இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டினால், ஆறு வாரங்களுக்குள் கூட வேண்டிய வலிமை தசைநாணில் கூடுவதில்லை என்று கெல்பர்மன் குழுவினர் நாய்களில் நடத்திய ஆய்வு 1999-இல் காட்டியது. விரலை அசைக்காமல் வைத்திருந்தால் தசைநாண் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்கிறது, அவசரப்பட்டு அசைத்தால் தையல் அறுந்துவிடுகிறது.

இந்தத் துறை முன்னேறிய விதமே என் வாதத்துக்குச் சாட்சி. அந்த மண்டலத்தில் அறுந்த தசைநாணை உடனே தைக்க வேண்டாம், பிறகு வேறொரு தசைநாணை எடுத்து ஒட்டுப் போடலாம் என்பதுதான் கை அறுவை சிகிச்சையின் முன்னோடியான ஸ்டெர்லிங் பன்னெல் காலத்து அறிவுரை. அமெரிக்காவின் லூயிவில் நகரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் கிளைனர்ட்டும் சகாக்களும், உடனே தைத்து, ரப்பர் வளையத்தின் உதவியோடு விரலை அசைத்து நல்ல பலன் கண்டதாக 1967-இல் அறிவித்தபோது பலர் நம்பவில்லை. அமெரிக்கக் கை அறுவை சிகிச்சைச் சங்கம் அங்கே ஆட்களை அனுப்பி, நோயாளிகளை நேரில் பரிசோதிக்கச் செய்தது. சந்தேகம் தீர்ந்தது அந்த விரல்கள் மடங்கி நீண்டதைப் பார்த்துத்தான். அன்று ஒரு புதிய முறையை ஏற்பதற்கு வைத்த அளவுகோலை, இன்று அதைக் கற்பவருக்கு ஏன் வைப்பதில்லை?

இப்போது கற்க வேண்டியவையும் கூடிவிட்டன. இரண்டு இழைத் தையல் போய், வெட்டைக் கடந்து நான்கு அல்லது ஆறு இழைகள் செல்லும் தையல் வந்துவிட்டது. ஒவ்வொரு முனையிலும் 7 முதல் 10 மில்லிமீட்டர் திசுவைப் பிடிக்க வேண்டும். கப்பியைத் தொடவே கூடாது என்று படித்தவர்கள், மற்றக் கப்பிகள் நலமாக இருந்தால் விரலின் அடி எலும்பை ஒட்டியுள்ள முக்கியமான ஏ2 கப்பியில் ஒரு பகுதியை வெட்டி விடுவிக்கலாம் என்று மாற்றிக் கற்கிறார்கள். எவ்வளவு விடுவிப்பது என்பதைப் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. விரலை மடக்கி நீட்டி, தையல் எங்கே முட்டுகிறது என்று கண்ணால் கண்டுதான் பழக வேண்டும்.

நோயாளியை விழித்த நிலையில் வைத்து, டூர்னிக்கெட் (ரத்த ஓட்டத்தை நிறுத்தக் கையில் இறுக்கும் பட்டை) இல்லாமல் செய்யும் முறை இன்னொன்று. ரத்தக்கசிவைக் குறைக்க அட்ரினலின் கலந்த மரத்துப்போகும் மருந்தை விரலில் செலுத்தினால் திசு அழுகிவிடும் என்ற பழைய அச்சம் தேவையற்றது என்று கனடாவின் டொனால்ட் லலொண்ட் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு உணர்த்தியது. கையிலும் விரல்களிலும் இந்த மருந்தைச் செலுத்திய 3,110 பேரில் ஒருவருக்கும் விரல் திசு அழுகவில்லை. இந்த முறையில், தோலை மூடுமுன்பே நோயாளியிடம் விரலை மடக்கச் சொல்லலாம். இடைவெளி தெரிந்தால் அங்கேயே திருத்தலாம். கற்பவருக்கு இதைவிட நேர்மையான ஆசிரியர் கிடையாது. ஆனால் வலிக்காமல் மெதுவாக ஊசி போடுவது, ரத்தக்கசிவு அடங்க அரைமணி நேரம் பொறுப்பது, பயந்திருப்பவரிடம் பேசிக்கொண்டே வேலை செய்வது எல்லாம் தனித்தனிப் பயிற்சிகள். பயிலரங்க அட்டவணையில் இவற்றுக்குப் பெரும்பாலும் இடமிருப்பதில்லை.

எப்படிப் பயிற்றுவிப்பது என்பதற்கும் நல்ல சான்று இருக்கிறது. டொரண்டோவில் 38 இளநிலைப் பயிற்சி மருத்துவர்களுக்கு நுண்ரத்தக்குழாய்த் தையலை நான்கு அமர்வுகளாகக் கற்பித்தார்கள். ஒரு பாதியினருக்கு நான்கும் ஒரே நாளில், மறு பாதியினருக்கு வாரம் ஒன்றாக. பயிற்சி முடிந்தவுடன் இரு தரப்பினரும் தேறியிருந்தார்கள். ஒரு மாதம் கழித்து உயிருள்ள எலியில் தைக்கச் சொன்னபோது, வாரம் ஒன்றாகக் கற்றவர்களே பெரும்பாலான அளவுகளில் முந்தினார்கள். 2006-இல் வெளிவந்த ஆய்வு இது. அதே பாடம், அதே மணி நேரம், இடைவெளி மட்டும்தான் வேறு. பயிலரங்க மாலையில் நீங்கள் காணும் தேர்ச்சி மாதக் கடைசியில் மிஞ்சுமா என்பதை அந்த மாலையில் அறியவே முடியாது.

பன்றிக்கால் தசைநாண் பருமனில் மனிதருடையதை ஒத்திருப்பதால் பல இடங்களில் அதில்தான் பழகுகிறார்கள். தைத்துப் படமெடுத்துவிட்டுப் போய்விடுவதுதான் எனக்கு ஆறாத வருத்தம். தைத்த தசைநாணை இரு முனையிலும் பிடித்து மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். முதலில் ஓரத்துச் சுற்றுத்தையல் விரியும்; பிறகு ஒரு பக்கம் மட்டும் வாய் திறக்கும். இழைகளில் ஒன்று மற்றதைவிடத் தளர்வாக இருந்திருக்கிறது என்று அப்போது தெரியும். முடிச்சு நழுவியதா, நூல் அறுந்ததா, திசுவைக் கிழித்துக்கொண்டு வந்ததா என்று பார்த்துவிட்டு, அடுத்த வாரம் மீண்டும் தைக்கட்டும். பார்வைக்கு அழகாக இருந்த தையல் முதல் இழுப்பிலேயே விலகுவதைக் கண்ட மருத்துவர், அடுத்த தையலில் இழைகளின் இறுக்கத்தைச் சமன் செய்யாமல் முடிச்சுப் போடமாட்டார்.

மணிக்கட்டில் உறை இவ்வளவு நெருக்கமில்லை. சிரமம் வேறுவிதமானது. கண்ணாடி வெட்டில் பல தசைநாண்களும் நரம்புகளும் ஒருசேர அறுந்து கிடக்கும்போது, எந்த முனை எதனுடையது என்று இனங்காண்பதே பாதி வேலை. அதற்குப் பதப்படுத்திய உடல்களில் உடற்கூறை மறுபடி பார்ப்பதைத் தவிர வழியில்லை.

எங்களையும் பயிற்சி அறைக்குள் அழையுங்கள். எத்தனை இழை, எந்தக் கப்பியில் எவ்வளவு விடுவிக்கப்பட்டது, மேசையிலேயே மடக்கிப் பார்த்தபோது விலகியதா: இவை எங்களுக்குத் தெரிந்தால்தான் முதல் வாரமே விரல்களைப் பாதி முஷ்டிவரை நோயாளி தானாக மடக்கவிடலாமா என்று துணிய முடியும். தெரியாதபோது பயந்து கட்டிவைக்கிறோம். நல்ல தையலும் ஒட்டிப்போகிறது, பழி புதிய முறையின் மேல் விழுகிறது. எங்கள் பக்கத்திலிருந்தும் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். விரலின் ஒவ்வொரு மூட்டும் எத்தனை பாகை மடங்குகிறது, நீளும்போது எவ்வளவு குறைகிறது என்று நாங்கள் அளந்து எழுதுகிறோம். அந்தத் தாள் தைத்தவரின் கைக்குப் போவது அபூர்வம். தன் தையல் என்ன ஆனது என்று அறியாத ஒருவர் எதைத் திருத்திக்கொள்வார்?

உங்கள் அடுத்த பயிற்சியை நான்கு வாரமாகப் பிரித்து, ஓர் அமர்வில் ஓர் இயன்முறை மருத்துவருக்கு இடம் ஒதுக்குங்கள். பயிற்சி பெற்றவர் அதன்பின் தைக்கும் முதல் சில விரல்களை அனுபவமுள்ள ஒருவர் உடனிருந்து பார்க்கட்டும். அந்த விரல்களின் மூன்றாம் மாத அளவீடு வந்த பிறகு சான்றிதழில் கையெழுத்திடுங்கள். அளந்து தர நாங்கள் தயாராக இருக்கிறோம்.

மரியாதையுடன்,
கை மறுவாழ்வுப் பிரிவின் இயன்முறை மருத்துவர் ஒருவர்