அம்மாவுக்காக எங்களோடு நின்றவர்களுக்கு

சுங்கை சிப்புட் சொந்தங்களுக்கு வணக்கம்.

அம்மாவின் கணையத்தில் கட்டி இருப்பது தெரிந்து 2 வருஷம் ஆகிறது. பித்தக்கல் பார்க்க எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்தது. கணையத்தின் தலைப்பகுதியில், 32 மில்லிமீட்டர். முதலில் பார்த்த இடத்தில் "உடனே எடுத்துவிடுங்கள்" என்றார்கள். அன்று ராத்திரி வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. 30 வருஷம் பால்மரம் சீவிச் சேர்த்த சங்கிலியை அம்மா கழற்றி அப்பா கையில் கொடுத்துவிட்டார்.

மறுநாள் வந்தார், தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற தாத்தா. "கட்டின்னு சொன்னாங்க சரி, என்ன கட்டின்னு சொன்னாங்களா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. கணைய அறுவைக்கெனத் தனிப் பிரிவு உள்ள, கோலாலம்பூர் பக்கத்துச் செலாயாங் மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கச் சொன்னவரும் அவர்தான். தாத்தா, முதல் நன்றி உங்களுக்கு.

செலாயாங்கில் எம்ஆர்ஐ எடுத்தார்கள். பிறகு வாய் வழியே குழாய் விட்டு, உள்ளிருந்தே ஸ்கேன் செய்து, கட்டியின் நீரை ஊசியால் எடுத்துச் சோதித்தார்கள். டாக்டரம்மா காகிதத்தில் படம் போட்டே காட்டினார். தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள், உள்ளே தண்ணீர் போன்ற திரவம். சீரஸ் வகையாம், புற்றுநோயாவது மிக மிக அரிது. சளி போன்ற திரவம் உள்ள வகைகள் வேறு, அவை பின்னாளில் மாறக்கூடும். அவற்றில் காமாலை வந்தாலோ, கணையத்தின் பெரிய குழாய் 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ விரிந்தாலோ, உள்ளே 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ சதை முளைத்தாலோ கத்தியை உடனே நினைப்பார்களாம்.

தலைப்பகுதியை எடுப்பதென்றால் அதோடு முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயில் ஒரு பகுதி எல்லாம் போகும். மீதியைக் குடலோடு இணைத்துத் தைத்த இடம் கசியலாம், சர்க்கரை நோய் வரலாம். அம்மாவுக்கோ வலி இல்லை, காமாலை இல்லை. "இப்போதைக்குக் கட்டியைவிட ஆபரேஷன்தான் அம்மாவுக்கு ஆபத்து" என்றார் டாக்டரம்மா. நாளைக்கு அது வளர்ந்து பித்தக்குழாயை அழுத்தினால், வலி தொடங்கினால், அப்போது செய்யலாம். அவசரமே படாமல், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன அந்த டாக்டரம்மாவை நாங்கள் மறக்க மாட்டோம்.

"இன்னும் எடுக்கலையா?" என்று கோயிலில் அக்கறையோடு கேட்கும் அக்காமார்களே, எடுக்காததற்குக் காரணம் இதுதான். பயந்துகொண்டு விடவில்லை, கேட்டுத் தெரிந்துதான் விட்டிருக்கிறோம்.

தம்பிக்கு மத்தியானச் சோறு போட்ட பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவுக்கும், 200 கிலோமீட்டருக்கு மேல் ஒவ்வொரு தடவையும் விடியற்காலையில் ஓட்டி வந்து எண்ணெய்க் காசு மட்டும் வாங்கிய வேன் அண்ணனுக்கும் நன்றி.

போன மாத ஸ்கேனில் 33 மில்லிமீட்டர். குழாய்கள் சரியாக இருக்கின்றன. சங்கிலி அம்மா கழுத்தில் இருக்கிறது. அடுத்த ஸ்கேன் அடுத்த வருஷம். அண்ணே, வேனுக்கு இப்பவே சொல்லி வைக்கிறோம்.

அன்புடன்,
மூத்த மகள்